மனிதரைப் படித்த விஞ்ஞானி விக்ரம் சாராபாய்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம், வடலூர்)

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் மாலை, நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் நம் நாட்டுக் கலம் ஒன்று மெல்ல இறங்கியது. அக்கலத்தின் பெயர் விக்ரம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நமக்கு அண்டை ஊரான விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ஆதலின் இப்பகுதி மாணவர்களுக்கு அன்று இரட்டை மகிழ்ச்சி. கலத்துக்குத் தம் பெயரைத் தந்த விக்ரம் சாராபாயை இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என்று பள்ளிப் பாடநூல் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

ஆனால் தும்பாவில் முதல் ராக்கெட்டு எழுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அவர் இன்னொரு துறையில் கால் வைத்துவிட்டார். அத்துறை விண்ணைப் பற்றியதன்று, ஆலையைப் பற்றியது. ஓர் ஆலையில் ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் எப்போது ஊக்கமாக உழைப்பார்கள், எப்போது மனம் சலிப்பார்கள், புது இயந்திரம் வந்தால் என்ன செய்வார்கள், மேற்பார்வையாளரிடம் எதைச் சொல்வார்கள், எதை மறைப்பார்கள்? இவற்றையெல்லாம் முதலாளியின் ஊகத்துக்கு விட்டுவிடாமல், கண்டும் கேட்டும் எண்ணியும் ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியின் துணையோடு நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் கருதினார். சாராபாயின் இந்தப் பகுதியைப் பலர் எழுதுவதில்லை. எனவே அதையே எழுத எடுத்துக்கொண்டேன்.

விக்ரம் பிறந்தது 1919 ஆகஸ்டு 12 அன்று, அகமதாபாத்தில். தந்தை அம்பாலால் சாராபாய், காலிக்கோ ஆலையின் உரிமையாளர். தாய் சரளாதேவி. எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளுக்காக வீட்டிலேயே ஒரு பள்ளி நடத்தும் அளவுக்குச் செல்வம். இவ்வளவு வசதியில் பிறந்தவருக்குத் தொழிலாளியின் மனத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் இருக்கிறது.

1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். 35 விழுக்காடு வேண்டும் என்பது தொழிலாளர் கோரிக்கை. 20 விழுக்காட்டுக்கு மேல் முடியாது என்பது முதலாளிகளின் பிடிவாதம். தொழிலாளர் பக்கம் நின்றவர் காந்தியடிகள். அவரோடு தோளோடு தோள் நின்றவர் அனசூயா சாராபாய். எதிர்ப்பக்கத்தில் ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். அனசூயா வேறு யாருமல்லர், அம்பாலாலின் உடன்பிறந்த தமக்கை! காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தபின் வழக்கு நடுவரிடம் சென்றது. முடிவில் 35 விழுக்காடே கிடைத்தது. அத்தையும் தந்தையும் எதிரெதிர் அணியில் நின்றும் உறவு அறுந்துபோகாத குடும்பம் அது. அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு, ஆலை என்பது இயந்திரமும் கணக்குப் புத்தகமும் மட்டும் அன்று என்பதை யாரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். குஜராத் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் நாடு திரும்பிப் பெங்களூரில் சர் சி.வி.இராமன் அவர்களிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-இல் நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மிருணாளினி சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள்; நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் இலட்சுமியின் தங்கை. போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார்.

அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. பணம் திரட்டியவரும் அவரே, திட்டமிட்டவரும் அவரே. ஆயினும் இயக்குநர் நாற்காலியில் அவர் அமரவில்லை. வானிலைத் துறையில் புகழ்பெற்று ஓய்வு பெற்றிருந்த கே.ஆர்.இராமநாதன் என்னும் முதியவரை அழைத்து வந்து அமர்த்திவிட்டுத் தாம் அவருக்குக் கீழே பணியாற்றினார். இளையவர் கட்டிய நிறுவனத்துக்கு மூத்தவர் தலைமை என்றால் வெளியார் மதிப்பர், உள்ளே இருப்பவர்க்கும் கற்க ஓர் ஆசிரியர் கிடைப்பார். இந்தக் கணக்கு அவருக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

இனி ஆலைக்கு வருவோம். அகமதாபாத் ஆலைகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். ஓர் ஆலையின் கணக்கை மற்றோர் ஆலை அறியாது, அறியவும் விடமாட்டார்கள். அவற்றுக்கெல்லாம் பொதுவாக 1947-இல் தொடங்கப்பட்டது அட்டிரா எனப்படும் அகமதாபாத் துணி ஆலைகள் ஆராய்ச்சிக் கழகம். சாராபாய் 1956 வரை அதன் கௌரவ இயக்குநர். நூற்பும் நெசவும் அறிந்த பழுத்த அனுபவசாலிகளைத் தேடாமல், இயற்பியலும் வேதியியலும் புள்ளியியலும் படித்த, ஆலைப் பக்கமே வந்திராத இளைஞர்களை அவர் அதில் சேர்த்தார். ஆலைக்காரர்கள் சிரித்தனர். எண்ணும் பழக்கம் உள்ளவன் வந்தால், அனுபவசாலி காணத் தவறியதைக் காண்பான் என்பது அவர் நம்பிக்கை.

எண்ணத் தொடங்கியவுடன் ஓர் உண்மை தலைகாட்டியது. ஒரே வகைப் பஞ்சு, ஒரே வகை இயந்திரம், ஒரே கூலி, இருந்தும் ஆலைக்கு ஆலை விளைச்சல் வேறுபட்டது. வேறுபாடு இயந்திரத்தில் இல்லையென்றால் எங்கே? மனிதர்களிடத்தில், அவர்களை ஒழுங்குபடுத்திய முறையில் தேட வேண்டும். எனவே இயற்பியலார் தலைமையிலான அந்தக் கழகத்தில் மனித உறவுகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று தோன்றியது. அதற்குப் பொறுப்பேற்றவர் கமலா சௌத்ரி என்னும் அம்மையார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1949 அளவில் ஒரு பெண்மணி ஆலைக்குள் சென்று மேஸ்திரிகளையும் மேற்பார்வையாளர்களையும் அமரவைத்துக் கேள்வி கேட்பது எவ்வளவு புதுமை என்பதை இன்றும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அம்மையார் மிச்சிகனில் நியூகோம் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 1952-இல் வெளிவந்தது. ஒரு குழுவின் தலைவர் என்று மற்றவர்களால் ஏற்கப்படுபவரிடம் என்ன சிறப்பு என்பது கேள்வி. குழுவினர் ஒவ்வொருவரிடமும், மற்றவர்கள் இன்ன செய்தியில் என்ன கருத்து உடையவர்கள் என்று மதிப்பிடச் சொன்னார்கள். குழுவின் வேலையைத் தொட்ட செய்திகளில் தலைவர்களின் மதிப்பீடு மற்றவர்களுடையதைவிட உண்மைக்கு அருகில் இருந்தது. குழுவோடு தொடர்பில்லாத செய்திகளில் அந்தச் சிறப்பைக் காணவில்லை. தலைமை என்பது பிறவிக்குணம் என்று மேடையில் முழங்குகிறோமே, அது இவ்வாறு அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்பதை முதன்முதல் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அட்டிராவிலும் இரண்டு ஆலைகளை எடுத்து அவர் ஒப்பிட்டார். ஒன்றில் உற்பத்தித் திட்டம் நிலையானது. மற்றொன்றில் துணி ரகம் அடிக்கடி மாறும். அடிக்கடி மாறும் ஆலையில் மேற்பார்வையாளர்கள் ஒருவரையொருவர் குறைகூறினர், மேலிடம் சின்ன விஷயத்திலும் தலையிட்டது, மனவூக்கம் குன்றியது. அவர்கள் கெட்டவர்கள் என்பதனால் அன்று. விற்பனைப் பிரிவு எடுத்த ஒரு முடிவு, நெசவுக் கூடத்தில் சண்டையாக முளைத்தது.

இந்த ஆண்டுகளில்தான் சாராபாய் குடும்பத்தின் காலிக்கோ ஆலையில் ஒரு சோதனை நடந்தது. விக்ரமின் அண்ணன் கௌதம் சாராபாய் அழைப்பின்பேரில் இலண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே.ரைஸ் என்பவர் வந்திருந்தார். அதைச் சொல்லும் முன் நெசவைப் பற்றி இரண்டு வார்த்தை. என் தந்தையார் குறிஞ்சிப்பாடிக் கைத்தறி நெசவாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் என்னைத் தவிர எவரும் இல்லை. ஆனால் தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் எல்லாருக்கும் பெயர் தெரியும். தந்தை நெய்வார், தாய் தார் சுற்றுவார், பாவு அறுந்தால் யார் கை அருகில் இருக்கிறதோ அவர் முடிவார். யாருடைய வேலை இது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

காலிக்கோவின் ஜுபிலி ஆலையில் 1952-இல் தானியங்கித் தறிகள் வந்தன. ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள். பொறியாளர்கள் கடிகாரத்தோடு நின்று கணக்கிட்டனர். ஒரு மணி நேரத்தில் இழை எத்தனை முறை அறும், முடிய எத்தனை வினாடி, தார் தீர எவ்வளவு நேரம். நம் பாடத்தில் வரும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் கணக்குப் போன்றதே இது: இயந்திரங்கள் எதிர்பாராமல் நிற்கின்றன, கவனிக்க ஆள் ஒருவர், அவருக்கு எத்தனை இயந்திரம் தரலாம்? அக்கணக்கின்படி வேலையைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்தனர். நெசவாளர் 8 பேர். ஒருவருக்கு 24 அல்லது 32 தறி. தார் நிரப்புவோர் 5 பேர். ஒருவருக்கு 40 அல்லது 50 தறி. கொத்தாக அறுந்த பாவைச் சீர்செய்வோர் 3 பேர். ஒருவருக்கு 60 அல்லது 80 தறி. எண்ணெய் இடுபவரும் கூட்டுபவரும் தலைக்கு ஒருவர். அவர்களுக்கு 224 தறிகளும்.

தாளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இயந்திரம் உயர்ந்தது போல் உற்பத்தி உயரவில்லை, சேதமும் மிகுந்தது. ஏன்? ஒரு நெசவாளரின் தறிகளுக்குத் தார் நிரப்புபவர் பக்கத்து நெசவாளரின் தறிகளுக்கும் நிரப்ப வேண்டும். பாவைச் சீர்செய்பவரின் எல்லை இன்னும் வேறு. எந்த இருவருடைய எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தன் தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் அவர் யாருக்கு முதலில் போவது? 29 பேர் ஒரே கூரையின் கீழ் நின்றனர். ஆனால் அவர்களுள் ஒரு குழுகூட இல்லை. கணக்குப் போட்டவர்கள் இழை அறுவதை எண்ணினார்கள், மனிதனுக்கு மனிதன் உள்ள தொடர்பை எண்ணவில்லை.

1953-இல் ரைஸ் முன்வைத்த யோசனை எளியது. ஏழு பேர் கொண்ட குழு, அதற்கு 64 தறிகள். அந்தத் தறிகளின் எல்லா வேலையும் அந்த ஏழு பேரின் பொறுப்பு. யோசனையைக் கேள்விப்பட்டதும் தொழிலாளர்களே தமக்குள் கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். நிர்வாகம் ஆள் பொறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. தொடக்கத்தில் உற்பத்தியோடு சேதமும் கூடியது; வேகத்தில் பராமரிப்பை விட்டுவிட்டனர். அதையும் சரிசெய்தபின் நிலைபெற்ற அளவு இது: தறிகளின் செயல்திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95-க்கு உயர்ந்தது, சேதம் 32-லிருந்து 20-க்குக் குறைந்தது. தறி அதே தறி, ஆள் அதே ஆள்.

கணிதம் படிக்கும் எனக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. மாதிரி அமைப்பது தவறு என்று இச்சோதனை காட்டவில்லை. முதல் மாதிரியில் மனிதன் ஓர் எண். இரண்டாவது மாதிரியில் அவன் ஒரு குழுவின் உறுப்பினன். இரண்டும் மாதிரிகளே. எதை விட்டுவிட்டு எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் இரண்டும் வேறுபட்டன. நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தைப் பார்க்கும் எவரும் அதன் உயரத்தையும் வாளிகளையும் பார்த்து மலைக்கிறோம். அதை ஓட்டுபவரும், பெல்ட்டைக் கவனிப்பவரும், அடுத்த ஷிப்டில் வந்து நிற்பவரும் ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்வார்கள் என்று இதைப் படித்தபின்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

அட்டிராவுக்குப் பின் கோவையிலும் 1956-இல் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. தென்னாட்டு ஆலைகள் தம் உற்பத்திக் கணக்குகளை அதன் வழியே ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றன. 1960-இல் பரோடாவில் சாராபாய் தொடங்கிய ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப், வாங்குபவரின் மனப்போக்கை நாடெங்கும் கணக்கெடுத்தது. 1961 டிசம்பரில் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் எழுந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி துணை நின்றது. அங்கே மாணவர்க்கு விதிகளை ஒப்பிக்கச் சொல்லவில்லை. நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தாளில் தந்து, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன முடிவெடுப்பாய் என்று கேட்டனர். தொடக்கத்தில் சாராபாய் கௌரவ இயக்குநராக இருந்தார். பாடத்திட்டத்தை ஒருங்கிணைத்தவர் அதே கமலா சௌத்ரி. 1965-இல் முப்பத்தெட்டு வயதே ஆன ரவி மத்தாய் முழுநேர இயக்குநரானதும் சாராபாய் விலகிக்கொண்டார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு தும்பாவைப் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. மீனவர் கிராமம், மக்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்த மாதா கோயிலே அலுவலகம், மிதிவண்டியில் வந்த ராக்கெட்டு உறுப்புகள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டு எழுந்தது. இவை எல்லாரும் அறிந்தவை. செயற்கைக்கோளை ஏற்றும் நான்கு நிலை ராக்கெட்டைத் திட்டமிட்டபோது அவர் செய்தது நம் கட்டுரைக்கு உரியது. அனுபவம் மிக்க ஒருவரிடம் முழுவதையும் ஒப்படைக்கவில்லை. முதல் மூன்று நிலைகளுக்குக் கோவாரிகர், குருப், முத்துநாயகம் ஆகியோர். நான்காம் நிலைக்கு இராமேசுவரத்து அப்துல் கலாம். எல்லாரும் இளைஞர்கள். எவரும் அதுவரை அப்படி ஒன்றைச் செய்தவர் அல்லர். ஒரு நிலை முழுவதும் அவரவர் பொறுப்பு. ஏழு பேருக்கு 64 தறி என்னும் கூடத்தின் சாயல் இதில் எனக்குத் தெரிகிறது. சாராபாய் அதை எண்ணித்தான் செய்தாரா என்பது வேறு.

புகழ்ந்துகொண்டே போவது வரலாறு ஆகாது. 1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்திக் கமிஷனின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. விண்வெளி, அணுசக்தி, இயற்பியல் கூடம், குடும்பத் தொழில்கள் என அத்தனையையும் ஒருவரே சுமந்தார். ஒரு நகரில் காலை, மற்றொரு நகரில் மாலை என்று பறந்தார். அதிகாரத்தைப் பகிர்ந்து தரும் அவர் முறை, பாபா காலத்து மூத்தவர் சிலருக்கு ஒவ்வவில்லை. 29 பேரின் வேலைச்சுமையை இவ்வளவு நுட்பமாக ஆராயும் அறிவைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர், தம் ஒருவரின் சுமையை யாரையும் ஆராயவிடவில்லை. இது என் கருத்து, ஏற்காதோர் இருக்கலாம்.

ஆலைச் சோதனையின் பிற்கதையையும் மறைக்கக்கூடாது. 1970-இல் எரிக் மில்லர் என்னும் டாவிஸ்டாக் ஆய்வாளர் மீண்டும் அகமதாபாத் சென்று பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. மற்றவற்றில் தேய்ந்து போயிருந்தது. துணி ரகங்கள் பெருகின, சந்தை நெருக்கியது, மேலிருந்து ஆள்மாற்றம் வந்தது, குழுக்கள் கலைந்தன. எங்கள் வடலூரில் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது என்றால், ஒவ்வொரு நாளும் அதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். அமைத்தவர் போனபின் அமைப்பை யார் காப்பது என்ற கேள்விக்கு ரைஸின் மாதிரியில் இடமில்லை.

சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று கேரளத்துக் கோவளத்தில் காலமானார். வயது 52. அவர் ஒருவர் வகித்த இடங்களுக்கு அரசு பலரைத் தேட வேண்டியதாயிற்று. அணுசக்தி ஹோமி சேத்னாவிடம் சென்றது. விண்வெளிக்கென 1972-இல் தனிக் கமிஷனும் தனித் துறையும் அமைந்தன. சதீஷ் தவான் பொறுப்பேற்றார். 1980-களிலிருந்து அகமதாபாத் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, காலிக்கோவும் தப்பவில்லை. விசைத்தறியின் போட்டியும் மாறிவிட்ட சந்தையும் ஒரு தறிக்கூடத்தின் ஒழுங்கால் தடுக்கக்கூடியவை அல்ல.

அவர் இளைஞர் நால்வருக்குப் பிரித்துக் கொடுத்த ராக்கெட்டு, 1979 ஆகஸ்டில் முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. 1980 சூலை 18 அன்று மீண்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. திட்ட இயக்குநராக நின்றவர், நான்காம் நிலைக்கு அவர் தேர்ந்தெடுத்த கலாம்.